ஈசல் நாளில் பிடிபட்ட விரால்

"மாமா, மீனு பசியில கடிக்குமா, கோவத்துல கடிக்குமா?"

வீரலட்சுமி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகும் சாலையில், கோரவயல் விலக்கில் இருந்த ஜெகபர் சாதிக்கின் விளக்குக் கடையில் உட்கார்ந்து கேட்டாள். அவள் அம்மா சோலையம்மாள் கத்தரிக்காய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். சாதிக் நூலைப் பல்லில் கடித்தபடி, சின்னஞ்சிறு தூண்டில் முள்ளின்மேல் சேவல் இறகைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "மீனுக்கு ஏதுத்தா கோவம்? அதுக்கு இருக்கறதெல்லாம் வயிறு ஒண்ணுதான்."

"எங்க கெணத்து மீனு கோவப்படுமே. வாளிய விட்டா வந்து முட்டுது."

"அது வெளையாட்டு."

"இல்ல, கோவம்" என்று அந்தப் பெண் தீர்மானமாகச் சொன்னாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

சாதிக் அந்தக் கேள்வியை அன்றே மறந்துபோனார். மீனைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் அதில் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அவர் இளமையை இலங்கையில், நுவரெலியாவில் கழித்தவர். அங்கே அவருடைய அத்தா வைத்திருந்த கடையிலிருந்துதான் தோட்டத் துரைமார் பங்களாக்களுக்கு விளக்கு போகும். மலை ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்கிற துரை ஒருவர் பையனின் விரல் பதத்தைப் பார்த்து, இறகையும் நூலையும் கொண்டு பொய்ப்பூச்சி கட்டக் கற்றுக் கொடுத்தார். அந்த ஊர் மீன் புழுவுக்கு மயங்காது. மேகம் மூடி, காற்று அடங்கி, மழைக்குப் பிறகு ஆறு தெளிகிற நேரத்தில் தண்ணீருக்கடியில் கிடந்த பூச்சிகள் சிறகு முளைத்து மேலே வரும். அப்போது ஆற்றின் முகம் கொதிக்கிற உலைபோல் ஆகிவிடும். எந்தப் பூச்சி வருகிறதோ அதே பூச்சியைப்போலக் கட்டி, கொதிக்கிற இடத்தில் இலை விழுவதுபோல் விழச் செய்ய வேண்டும். சந்தேகமாக இருந்தால், பிடித்த முதல் மீனின் வயிற்றைக் கீறி அது என்ன தின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வயிறு பொய் சொல்லாது என்பார் அந்தத் துரை.

அங்கே இருப்பதா போவதா என்று எல்லோரும் தவித்த அறுபதுகளில் சாதிக் ஊர் திரும்பினார். கூடவே வந்தது துரை கொடுத்த மூங்கில் தூண்டில் கம்பும், மெழுகேற்றிய பட்டுக் கயிறும். கோரவயல் கண்மாயில் டிரவுட் ஏது? ஆனால் ஈசல் உண்டு. கார்த்திகை மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து புகைபோல் கிளம்பி, பாதிக்குமேல் தண்ணீரில்தான் விழும். அன்று கெண்டையும் விராலும் மேலே வரும். அந்த ஒரு நாளுக்காக சாதிக் வருஷம் முழுவதும் இறகு சேர்ப்பார். குன்றக்குடி மலையடியில் உதிர்ந்த மயிலிறகு ஈசலின் உடம்புக்கு. வெள்ளைச் சேவலின் கழுத்திறகு சிறகுக்கு.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. விரால் குஞ்சு பொரித்தால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே திரளாக மேலே மிதக்கும். தாயும் தகப்பனும் கீழேயே நின்று காக்கும். அந்தத் திரளின்மேல் தவளையைக் கட்டி எறிந்தால் தாய்விரால் பாய்ந்து கவ்வும். சுலபமான வேட்டை. தாய் போனால் குஞ்சுகள் நாதியற்றுப் போகும். அப்படிப் பிடிப்பவனைக் கண்டால் சாதிக்குக்குக் கோபம் தலைக்கேறிவிடும். டீக்கடை அழகுசுந்தரம் ஒருமுறை அப்படிப் பிடித்துக்கொண்டு வந்தபோது, அவன் கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்துப் போட்டார். "புள்ளத்தாச்சிய அடிச்சுத் திங்கிற பய நீ" என்று கடைமுன்னால் எல்லோரும் கேட்கச் சொன்னார். அழகுசுந்தரம் அதை மறக்கவில்லை.

வீரலட்சுமி அந்தக் கேள்வியைக் கேட்டது பஞ்ச வருஷத்தில். கண்மாய் வறண்டு வெடித்தது. கடைசிக் குட்டையில் துடித்துக்கொண்டிருந்த விரால்களில் ஒரு ஜோடியைச் சோலையம்மாள் பானையில் எடுத்துப்போய்த் தன் தோட்டத்துக் கிணற்றில் விட்டாள். அந்தக் கோடையில்தான் வீரலட்சுமிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. கணவன் மதுரையில் மில் வேலையில் இருந்தான். தனியாளாய்ப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவள், ஒருநாள் கண்மாய் மடையில் காவல் நிற்கும் மடைக்கருப்பர் முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள்: "எம்புள்ளையப் பொழைக்க வையி. கம்மாய்க்குத் தண்ணி வந்ததும் இந்த ஜோடிய உன் காலடியில விடுறேன். அதுக குஞ்சும் குளுவானுமாப் பெருகட்டும். அதுவரைக்கும் அதுக உசுரு என் பொறுப்பு."

பிள்ளை பிழைத்தாள். மறு ஐப்பசியில் மழை கொட்டி, கண்மாய் பெருகியது. ஊர் கூடிக் குலவையிட, சோலையம்மாள் மீன்களை மடையோரம் விட்டாள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாதிக்குக்குத் தெரியாது. அந்தச் சமயம் அவர் ஒரு தர்காவின் கந்தூரித் திருவிழாவுக்கு விளக்குகளை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் போயிருந்தார். வந்த பிறகும் யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

கார்த்திகையில் அந்த மாலை வந்தது. பகல் முழுக்கப் பெய்த மழை விட்டு, வானம் மூடிக் கிடந்தது. காற்று இல்லை. புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பியது. சாதிக் கடையை அப்படியே மனைவி ஜாஹிதாவிடம் விட்டுவிட்டுக் கம்பை எடுத்தார்.

"ஈசலப் பாத்ததும் சிறகு மொளச்சுருச்சாக்கும்" என்றாள் அவள்.

கண்மாயின் முகம் முழுவதும் ஈசல் சிறகு படர்ந்து கிடந்தது. மடைப்பக்கத்துக் கோரைக்கு முன்னால் ஒரு வட்டம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. பொடிப்பொடியாய், ஓயாமல், உலைபோல். நுவரெலியா ஆற்றில் எத்தனை முறை பார்த்த கொதிப்பு! சாதிக்கின் கை தானாக உயர்ந்தது. பட்டுக் கயிறு ஒருமுறை பின்னே போய், முன்னே நீண்டு, பொய்ஈசலை அந்த வட்டத்தின் நடுவே இறக்கியது. தண்ணீர் வெடித்தது. இத்தனை மூர்க்கமாக எந்த மீனும் அவருடைய பூச்சியை அடித்ததில்லை. கம்பு வளைந்து கொடுத்தது. நெடுநேரம் போராடி, முழங்கை நீள விராலைக் கரையேற்றினார். சந்தோஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கரையில் ஈசல் பொறுக்க முறத்தோடு வந்த சோலையம்மாள் எதிரே நின்றாள். மீனைப் பார்த்தாள். அதன் வாலின் கீழ்நுனி பிளந்திருந்தது. கிணற்றில் இரும்பு வாளியின் விளிம்பு பட்டுப் பிளந்த வால்.

முறம் அவள் கையிலிருந்து நழுவியது.

"அண்ணே… என்ன காரியம் பண்ணிட்டீக?"

"ஏன், என்ன தங்கச்சி?"

"இது நான் விட்ட மீனு! சாமிக்கு விட்ட மீனு! குஞ்சு வச்சிருந்துச்சு. நேத்துக்கூடப் பாத்தேன். குஞ்சோட நின்ன மீனத் தூக்கிட்டு வாரீகளே!"

"உன் மீனு கெணத்துலல்ல இருக்கு?"

"ஊரே கூடித்தான விட்டோம்! தெரியாதுன்னு பொய் சொல்லாதீக!"

பொய் என்ற சொல் சாதிக்கின் முகத்தில் அறைந்தது. "யாரு பொய் சொல்றா? நான் ஊருலயே இல்ல. அங்க குஞ்சும் இல்ல, ஒண்ணுமில்ல. ஈசல் திங்க மேல வந்த மீனு இது. எனக்குத் தண்ணி பாக்கத் தெரியாதா?"

"தண்ணி பாக்கத் தெரிஞ்சவருக்குக் குஞ்சத் தெரியலையா? திருட்டுத்தனமா மசங்குற நேரத்துல வந்து…"

"திருட்டா? ஏய், வார்த்தைய அளந்து பேசு!"

சத்தம் கேட்டுக் கரையில் ஈசல் பொறுக்கியவர்கள் கூடிவிட்டார்கள். அழகுசுந்தரமும் வந்தான். மீனைப் பார்த்தான், சாதிக்கைப் பார்த்தான். நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அட, இது யாரு? புள்ளத்தாச்சிய அடிச்சுத் திங்கிறது இப்ப யாரு பாய்? ஏம்ப்பா, அந்தக் கம்ப ஒடிக்க யாருக்காச்சும் முழங்கால் பலமா இருக்கா?"

நாலு பேர் சிரித்தார்கள். சாதிக்குக்குக் கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. "சாமி மீனுன்னு அது நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? கம்மாயில கெடக்கிற மீனு கம்மாய் மீனுதான்!"

சொன்ன மறுகணமே அதைத் திரும்ப விழுங்க முடியாதா என்றிருந்தது அவருக்கு. அழகுசுந்தரம் குரலைத் தாழ்த்தி, "பாத்தியா சோலை, நம்ம சாமின்னா இவுகளுக்கு…" என்று தொடங்கினான்.

சோலையம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். "ஏய், நீ மூடு. எஞ்சண்டை இவருகூட. உன் பழைய கணக்க இதுல கொண்டாந்து சொருகாத. நீ அடிச்ச விராலும் எனக்குத் தெரியும்."

பிறகு சாதிக்கைப் பார்த்தாள். அதுவரை சாதிக்கண்ணே என்று அழைத்த வாய். "லைட்டுக்கடைக்காரரே, எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது உங்க தலையில. இனிமே இந்தக் கரையில உங்க கால் படக்கூடாது."

சாதிக் மீனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வழி முழுவதும் நெஞ்சு கொதித்தது. திருடன்! இந்தக் கண்மாயில் குஞ்சோடு நின்ற ஒரு மீனைத் தொட்டவனா நான்? நாளைக்கே இதன் வயிற்றைக் கீறி, நிறைந்து கிடக்கும் ஈசலை ஊர் முன்னால் கொட்டிக் காட்ட வேண்டும். ஈசல் தின்ன வந்த மீன்தான் என்று அப்போது தெரியும். குஞ்சு காக்கிற மீன் இரை எடுக்காது. இதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

கடையைச் சாத்திவிட்டு வந்த ஜாஹிதா வீட்டு வாசலில் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். "இம்மாம் பெரிசா! ஆணம் வைக்கவா, பொரிக்கவா?"

"அரிவாமனையக் கொண்டா. ஒரு வெள்ளைத் துணியும் கொண்டா."

"மீனுக்கு எதுக்கு வெள்ளைத் துணி? நிக்காஹா பண்ணப் போறீக?"

சாதிக் விளக்கடியில் உட்கார்ந்து வயிற்றைக் கீறினார். இரைப்பையை எடுத்துத் துணிமேல் வைத்துப் பிளந்தார்.

ஒன்றும் இல்லை.

ஒரு சிறகு இல்லை. கண்மாய் முழுவதும் ஈசல் மிதந்த மாலையில், வாயைத் திறந்தால் போதும் என்று இரை கிடந்த தண்ணீரில், அந்த மீன் எதையும் தொடவில்லை. வயிறு சுருங்கி, பல நாள் பட்டினி கிடந்ததுபோல் வெளிறிக் கிடந்தது. அதன் வாயில் இருந்தது ஒரே ஒரு பூச்சி. அவர் கட்டிய பூச்சி.

கோரைக்கு முன்னால் கொதித்தது ஈசலுக்கு மேலெழுந்த மீன்கள் அல்ல. மூச்சுவிட மேலே வந்த குஞ்சுத்திரள். சிறகுப் படலம் அதன் சிவப்பை மூடியிருந்தது. மலை ஆற்றின் கண்ணைக் கொண்டு அவர் கண்மாயைப் பார்த்துவிட்டார். குஞ்சுகளின் நடுவே ஏதோ வந்து விழுந்தது, தாய் பாய்ந்தது. அவ்வளவுதான்.

"என்னங்க, ஏன் இப்படி உக்காந்துட்டீக?"

"இது பசியில கடிக்கல, ஜாஹிதா" என்றார். எழுந்து, கொல்லையில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டி மீனைப் புதைத்தார். ஜாஹிதா வாசற்படியில் நின்று பார்த்தாள். அன்று இரவு மோருஞ் சோறுந்தான்.

மறுநாள் விடிந்ததும் சோலையம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் போனார். அவள் சாணி கரைத்த வாளியோடு வெளியே வந்தாள்.

"நீ சொன்னதுதான் சரி. குஞ்சு இருந்திருக்கு. நான்…"

"இருந்துச்சுன்னு இப்பத் தெரிஞ்சுருச்சா? நல்லது. செத்த மீனுக்கு உசுரு குடுத்துக் கொண்டுவாங்க, பேசுவோம்."

"கோவப்படாமக் கேளு, தங்கச்சி…"

"தங்கச்சி கிங்கச்சின்னு சொல்லாதீக. ராத்திரியெல்லாம் புள்ளைக்கு உடம்பு கொதிக்குது. போயிருங்க, இந்தச் சாணித் தண்ணிய மூஞ்சியில ஊத்துறதுக்குள்ள போயிருங்க."

திரும்பி நடந்தவருக்கு மறுபடியும் கோபம் வந்தது. மழையில் நனைந்து ஈசல் பொறுக்கின பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? அதற்கும் நானா காரணம்? டாக்டரிடம் கேட்கட்டும்! தப்பை ஒப்புக்கொள்ள வந்தவனை நாய்போல விரட்டுவதா? இப்படி எண்ணியபடியே நடந்தவரின் கால்கள் கடைக்குப் போகாமல், ஊரைச் சுற்றிக்கொண்டு, உபரித் தண்ணீர் வழியும் மறுகால் வாய்க்காலோரத்து ஒற்றையடிப் பாதையில், கண்மாயின் மறுபக்கமாக மடைக்குப் போய் நின்றன. நல்ல காரியத்துக்கு மனம் சம்மதிப்பதற்கு முன்பே சில சமயம் கால் சம்மதித்துவிடுகிறது. இறைவனின் கருணைகளில் அதுவும் ஒன்று.

குஞ்சுத்திரள் அங்கேயே இருந்தது. மடைச்சுவருக்கும் கோரைக்கும் நடுவே, அரைத்த மிளகாய் கரைந்ததுபோல் சிவப்பாக. அதன் கீழே கறுத்த நிழல் ஒன்று முன்னும் பின்னும் அலைந்தது. ஜோடியில் மிஞ்சியது. தண்ணீர்ப்பாம்பு ஒன்று கோரையிலிருந்து தலையை நீட்டியதும் நிழல் அதன்மேல் பாய்ந்தது. அதே நேரம் மறுபக்கத்தில் நீர்க்காகம் ஒன்று தொப்பென்று விழுந்து, திரளின் ஓரத்தை வாரிக்கொண்டு எழுந்தது. நிழல் திரும்பி வருவதற்குள் இன்னொன்று விழுந்தது.

சாதிக் மண்ணாங்கட்டியை எடுத்து வீசினார். "போ! போ சனியனே!" பறவைகள் எழுந்து, மடைச்சுவரில் உட்கார்ந்து, அவர் போவதற்காகக் காத்திருந்தன. நாளெல்லாம் நின்று கல்லெறிய முடியாது. நிற்பதைப் பார்த்தால் சோலையம்மாள் ஊரைக் கூட்டுவாள். கீழேயிருந்து வருவதை அந்த மீன் பார்த்துக்கொள்ளும். மேலேயிருந்து வருவதைத்தான் அதனால் பார்க்க முடியாது.

நுவரெலியாவில் மீன் வளர்க்கும் தொட்டிகளின்மேல் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டியிருப்பார்கள். இறக்கையில் நூல் பட்டால் பறவை அந்தப் பக்கம் வராது. அதற்கு நனைந்தால் இற்றுப்போகாத நூல் வேண்டும். கடையில் இருந்ததெல்லாம் சணலும் பருத்தி நூலும்.

அன்று சாயங்காலம் கம்பிலிருந்து பட்டுக் கயிற்றைக் கழற்றினார். துரை தன் கையால் மெழுகு தேய்த்துக் கொடுத்தது. இந்தப் பக்கத்தில் எங்கும் வாங்க முடியாதது. அது இல்லாமல் அந்தப் பூச்சியை வீச முடியாது. கத்திரிக்கோலை எடுத்தவர், கோபத்தோடுதான் அதை வெட்டினார். யார்மேல் கோபம் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் பறவைகள் எழுவதற்கு முன்பே போய், கோரைக்குள் கருவேலங்குச்சிகளை நட்டு, கயிற்றுத் துண்டுகளைத் தண்ணீருக்குமேல் சாணளவு உயரத்தில் இழுத்துக் கட்டினார். கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. முதலில் வந்த நீர்க்காகம் கயிற்றில் சிறகு இடறி, அலறிக்கொண்டு ஓடியது.

அதன் பிறகு தினமும் விடியுமுன்னே போவார். ராத்திரி கடையில் எரியும் பெட்ரோமாக்ஸின் அடியில் பூச்சிகள் குவியலாய் விழுந்து கிடக்கும். முன்பெல்லாம் கூட்டித் தெருவில் தள்ளுவார். இப்போது ஒரு காகிதத்தில் அள்ளிக்கொண்டுபோய்க் குஞ்சுகளுக்குத் தூவினார்.

"விளக்கடிப் பூச்சியெல்லாம் எங்கதான் போகுது? வரவரக் கூட்டவே ஒண்ணுமில்ல" என்றாள் ஜாஹிதா.

"பல்லி திங்குது."

"நல்ல பல்லி. விடியக்காலம் எந்திரிச்சுச் செருப்பு மாட்டிட்டுப் போகுது." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

வீரலட்சுமியின் காய்ச்சல் இறங்காமல் இழுத்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். சோலையம்மாளுக்கு மருந்தில் நம்பிக்கை போயிருந்தது. தினமும் மடைக்கருப்பர் முன்னால் வந்து நின்று, "ஒண்ணு போச்சு, குஞ்சையாவது காப்பாத்து" என்று அழுதாள். ஒருநாள் அழுதுகொண்டே தண்ணீரைப் பார்த்தவள், குஞ்சுகள் குறையாமல் நிற்பதைக் கண்டாள். பறவைகள் தள்ளிப் போய் உட்கார்ந்திருப்பதையும், கோரைக்குள் குச்சி நட்டிருப்பதையும் கண்டாள். மடை திறந்து விடுகிற ஏகப்பன் அப்போது அந்த வழியாக வந்தான்.

"ஏகப்பண்ணே, இந்தக் குச்சியெல்லாம் நீங்களா நட்டீக?"

மடைக்குள் இறங்குவது ஊரில் அவன் ஒருவன்தான். ஏகப்பன் குச்சிகளைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் அத்தனை நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் தெரிந்தது. பொய் தானாக வாய்க்கு வந்துவிட்டது. "பின்ன? பாவம், வாயில்லாச் சீவன்."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஏகப்பனுக்குச் சோலையம்மாள் வீட்டிலிருந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் போயின.

இதை சாதிக் கேட்டது அழகுசுந்தரத்தின் டீக்கடையில். ஏகப்பன் பெஞ்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எப்படி நூல் கட்டினான், எப்படி நீர்க்காகத்தை ஏமாற்றினான் என்று கையை ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் ஒரு மனசு வேணும்ப்பா" என்றான் அழகுசுந்தரம், சாதிக்கைப் பார்த்துக்கொண்டே. "சில பேருக்குக் கொல்லத்தான் தெரியும். ஏகப்பன் மாதிரி ஆளுக காக்குறாக. என்ன பாய், கம்பையே எடுக்குறதில்லையாமே? பயந்துட்டீகளா?"

சாதிக்குக்கு உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடே புளுகா, அந்தக் கயிறு என்ன நூல் என்று சொல்லு பார்ப்போம்! நுவரெலியாப் பட்டுடா அது! ஒரு வார்த்தை போதும். ஏகப்பன் முகம் செத்துப்போகும். அழகுசுந்தரத்தின் வாய் மூடும். திருடன் என்று சொன்னவள் வாசலில் வந்து நிற்பாள்.

"இன்னைக்கு எப்படி இருக்கு, சோலை மக?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"பரவால்ல" என்றான் ஏகப்பன். "நேத்து ராத்திரிதான் காச்சல் விட்டுச்சு. கஞ்சி குடிச்சுச்சாம். குஞ்சுக பொழச்சுக் கெடக்குன்னதும் சோலைக்கே பாதி உசுரு வந்துருச்சு. சாமி ஏத்துக்கிட்டாருன்னு ஒரே அழுகை. ஏகப்பண்ணே உங்களை அனுப்புனதே கருப்பருதான்கிறா."

சாதிக் கிளாஸைப் பெஞ்சியில் வைத்தார். நான்தான் என்று இப்போது சொன்னால், சாமி அனுப்பிய ஆள் பொய் சொன்னவன் என்று ஆகும். கயிறு கட்டியது மீனைக் கொன்றவன் என்று ஆகும். அந்தத் தாய்க்கு நேற்று ராத்திரிதான் தூக்கம் வந்திருக்கிறது. அதைக் கலைத்துத்தான் தன் பேரை மீட்க வேண்டும்.

"என்ன பாய், பதிலே காணோம்?" என்றான் அழகுசுந்தரம்.

"டீயில சீனி கம்மி" என்று சொல்லிவிட்டு சாதிக் எழுந்து போனார். கடைக்குப் போய், ஒரு விளக்குக்குக் காற்றடித்து, அடித்து, அது சீறுகிறவரை அடித்துக்கொண்டே இருந்தார். கோபம் அன்று தீரவில்லை. மறுநாளும் தீரவில்லை. ஆனாலும் மறுநாள் விடியுமுன்னே பூச்சிப் பொட்டலத்தோடு போனார்.

மார்கழி பிறந்தது. குஞ்சுகளின் சிவப்பு மங்கி, உடம்பு கறுத்தது. திரள் ஒன்றாக நிற்காமல் உடையத் தொடங்கியது. நாலைந்து இங்குட்டு, பத்துப் பதினைந்து அங்குட்டு என்று கோரைக்குள்ளும் ஆழத்துக்கும் பிரிந்து போயின. இனி அவற்றுக்கு யாருடைய காவலும் தேவையில்லை.

அந்த வாரம் காரைக்குடிச் சந்தையில் சோலையம்மாள் மகளோடு எதிரே வந்தாள். பெண் இளைத்திருந்தாள். ஆனால் நடந்தாள். சாதிக்கைப் பார்த்ததும் சோலையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெண்ணின் கையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். வீரலட்சுமி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சாதிக்கின் மனத்தில் திருடன் என்ற சொல் மறுபடி ஒருமுறை குத்தியது. அவர் மிளகாய் விலை கேட்பதுபோல் கடைப்பக்கம் குனிந்துகொண்டார்.

மறுநாள் பனி விலகுவதற்கு முன்பே கண்மாய்க்குப் போனார். தொலைவில் எங்கோ ஒலிபெருக்கியில் திருப்பள்ளியெழுச்சி கேட்டது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பட்டுக் கயிற்றுத் துண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். குச்சிகளைப் பிடுங்கினார். குச்சி நட்டிருந்த குழிகளைக் காலால் மூடினார். யார் வந்து பார்த்தாலும் அங்கே எதுவும் இருந்ததாகத் தெரியாது.

கரையேறி, கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தார். முந்தின மாலை காலம் தப்பிக் கிளம்பிய ஈசல்கள் விளக்கடியில் விழுந்திருந்தன. தண்ணீரில் தூவினார். சிறகுகள் மெல்ல விலகிப் படர்ந்தன. கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு கோரையின் நிழலிலிருந்து ஒரு கறுத்த முதுகு மேலே வந்தது. பெரிய விரால். அத்தனை நாளும் இரையை ஏறெடுத்துப் பார்க்காமல் காவல் நின்றது. அவசரமில்லாமல் வாயைத் திறந்து ஓர் ஈசலை எடுத்தது. இன்னொன்றை எடுத்தது. பசித்த மீன் தின்பதுபோல் தின்றது.

சாதிக் அது தின்று முடிக்கும்வரை நின்றார். நனைந்த கயிற்றைப் பந்தாகச் சுருட்டி மடியில் சொருகிக்கொண்டு, மறுகால் பாதையில் கடை திறக்கப் போனார்.